ஒன்பதாம் வகுப்புத் தமிழ்: ஆண்டுத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். 42 பிள்ளைகள். வாரத்துக்கு 6 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். பத்துப் பேருக்கு மேல் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் கைடில் இருக்கும் கட்டுரையை மனப்பாடம் செய்துதான் எழுதுகிறார்கள். தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் பேனா நின்றுவிடுகிறது. கட்டுரை நோட்டுத் திருத்தி மாளவில்லை. போர்ஷனும் முடிய வேண்டும், அடுத்த வருஷம் பொதுத்தேர்வு வேறு. வாசிப்புக்கும் எழுத்துக்கும் சேர்த்து இந்த ஜூனிலேயே ஒரு திட்டம் போட விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
— தமிழாசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஆண்டுத் திட்டம் என்றதும் புத்தகத்தைத் திறந்து எந்த இயல் எந்த மாதம் என்று பிரிப்பதுதான் வழக்கம். அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதை இரண்டாவதாகச் செய்யுங்கள். முதலில் ஒரு தாளில், இந்த ஆண்டு ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக என்னென்ன எழுதப் போகிறது, ஒவ்வொன்றையும் திருத்தி மறுபடி எழுத எந்த வாரம் நேரம் தரப் போகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் பேனா நிற்பதற்குக் காரணம் பிள்ளைகளிடம் சொற்கள் இல்லாதது என்று நாங்கள் நினைக்கவில்லை. எழுதியதைத் தானே திருத்தி இரண்டாம் முறை எழுதிய பழக்கம் இல்லை. முதல் முறையே சரியாக வர வேண்டும் என்ற பயத்தில்தான் பிள்ளை கைடைத் தேடுகிறது.

கணக்கு இப்படி வரும். ஜூன் தொடங்கி மார்ச் முடிய, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள், அவற்றின் விடுமுறைகள், தீபாவளி, பொங்கல், உங்கள் பக்கத்து ஐப்பசி கார்த்திகை மழை விடுமுறை எல்லாம் கழித்தால் உருப்படியாக 30 வாரம் கிடைக்கும். 180 பாடவேளை. வாரத்தில் 4 பாடவேளையைப் பாடநூலுக்கும், ஒன்றை வாசிப்புக்கும், ஒன்றை எழுத்துக்கும் ஒதுக்குங்கள். பாடநூலுக்கு 120, வாசிப்புக்கு 30, எழுத்துக்கு 30. ஒரு எழுத்துப் பயிற்சிக்கு மூன்று வாரம், அதாவது மூன்று எழுத்து வேளை. ஆண்டுக்கு எட்டுப் பயிற்சி, 24 வேளை. மீதி ஆறு வேளை தொடக்கச் சோதனைக்கும், விட்டுப்போனதை ஈடுகட்டவும்.

120 வேளையில் போர்ஷன் முடியுமா என்று கேட்பீர்கள். முடியும், ஒன்றை நிறுத்தினால்: பாடம் முடிந்ததும் வினாவிடையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு எல்லாரும் பார்த்து எழுதுவது. ஒரு பாடத்துக்குக் குறைந்தது ஒரு பாடவேளை அதில் போகிறது. பிள்ளையின் கை மட்டும்தான் வேலை செய்கிறது. அதற்குப் பதிலாகக் கேள்விகளை முதலிலேயே கொடுத்து, பாடத்தில் விடை இருக்கும் வரியைப் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். விடையை அவர்களே எழுதட்டும். இரண்டு பேருடையதைப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தால் போதும்.

முதல் இரண்டு வாரத்தில் புதுப் பாடம் எதையும் அவசரமாகத் தொடங்காதீர்கள். மூன்று சோதனை வையுங்கள். ஒன்று, ஆறாம் வகுப்புத் தரத்தில் அவர்கள் பார்த்திராத 120 சொல் உரைநடைப் பகுதியை ஒவ்வொருவரும் உங்களிடம் ஒரு நிமிடம் வாய்விட்டுப் படிப்பது. சரியாகப் படித்த சொற்களை எண்ணிக்கொள்ளுங்கள், பிறகு வாசித்த பகுதியிலிருந்து இரண்டு கேள்வி. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 42 பேருக்கு 84 நிமிடம். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது மூன்று நாளில் முடித்துவிடலாம். இரண்டு, சொல்வதெழுதுதல் 20 சொல்: தண்ணீர், வாழைப்பழம், கிணற்றடி, கொய்யா, பௌர்ணமி, நெல்லிக்காய், மழலை, ஏற்றுக்கொண்டான் போல. ண-ன-ந, ல-ள-ழ, ர-ற, கொம்பு, ஒற்று எல்லாம் அதில் வந்துவிட வேண்டும். மூன்று, "எங்கள் தெருவில் காலை ஆறு மணி" என்று 15 நிமிடத்தில் ஒரு பத்தி. இந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள், அரையாண்டுக்குப் பின் தேவைப்படும்.

நிமிடத்துக்கு இத்தனை சொல் படிக்க வேண்டும் என்று ஆங்கிலத்துக்குப் போட்ட அட்டவணைகளைத் தமிழுக்கு அப்படியே எடுக்காதீர்கள். தமிழில் "வராமலிருந்ததால்" என்பது ஒரே சொல். உங்கள் வகுப்பின் நடுத்தரப் பிள்ளை எத்தனை சொல் படிக்கிறதோ அதை அளவாக வைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் அதனுடைய பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள்.

இந்தச் சோதனையில் மூன்று விதமான பிள்ளைகள் தெரிவார்கள். இவர்களை எல்லாம் சேர்த்து "மெல்லக் கற்போர்" என்று ஒரே பட்டியலில் எழுதுவதால்தான் உதவி யாருக்கும் போய்ச் சேருவதில்லை. மூன்று பேருக்கும் மருந்து வேறு வேறு.

முதலாவது, எழுத்துக் கூட்டுகிறவர்கள். இவர்களுக்குப் பெரும்பாலும் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் தெரியும், உயிர்மெய்யில்தான் தட்டும். அதிலும் எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசையில். காரணம் தெளிவானது: கெ, கே, கை என்பவற்றில் ஒலி பின்னால் வருகிறது, குறி முன்னால் நிற்கிறது. கொ, கோ இரண்டிலும் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. "கொடை" என்பதை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டும் பிள்ளை "கெ" என்று சொல்லி, அடுத்துத் துணைக்காலைப் பார்த்துத் திகைக்கிறது. "பௌர்ணமி"யில் வரும் ௌ குறியின் பின்பாதியை "ள" என்றே படிக்கிற பிள்ளைகளும் உண்டு. அதனால் 247 எழுத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். கெ-கே-கொ-கோ நான்கையும் எதிரெதிரே வைத்து (செடி-சேறு, கொடி-கோடி, தொடு-தோடு) வாரம் மூன்று நாள், 15 அல்லது 20 நிமிடம் போதும். காலை வழிபாட்டுக்கு முன்போ, மற்றவர்கள் மௌன வாசிப்பில் இருக்கும்போதோ செய்யலாம்.

இவர்களுக்கு ஒன்றாம் வகுப்புப் படப்புத்தகத்தைக் கையில் கொடுக்காதீர்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதைவிட அவமானம் இல்லை, மறுநாள் வராது. பேருந்து ஊர்ப்பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, கிரிக்கெட் செய்தி, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று அவர்கள் வயதுக்கேற்ற சிறு பகுதிகளை எடுங்கள். அதே 80 சொல் பகுதியை மூன்று நாள் தொடர்ந்து படிக்கட்டும். மூன்றாம் நாள் தடையில்லாமல் வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். தினமும் புதுப் பகுதி கொடுத்தால் தினமும் தோற்றதாகவே அந்தப் பிள்ளைக்குத் தோன்றும்.

இரண்டாவது வகை ஆசிரியர் கண்ணில் படாது. கடகடவென்று படிக்கும், கேட்டால் ஒன்றும் புரிந்திருக்காது. தமிழ்த் தொடரில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் எச்சங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படும். இந்தத் தொடரைக் கொடுத்துப் பாருங்கள்: "மழையில் நனைந்து வந்த தம்பிக்குக் காய்ச்சல் அடித்ததால் அம்மா வேலைக்குப் போகவில்லை." யார் வேலைக்குப் போகவில்லை என்றால், "தம்பி" என்று பதில் வரும். முதலில் கண்ணில் பட்ட பெயரைப் பிடித்துக்கொண்டுவிடுகிறது. இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய பழக்கம் ஒன்றுதான்: முற்றுப்புள்ளிக்கு ஓடு, வினைமுற்றைக் கண்டுபிடி, "யார்?" என்று கேள், பிறகு "ஏன், எப்போது, எப்படி" என்று பின்னோக்கி வா. உரைநடைப் பாடத்தில் தினம் இரண்டு நீண்ட தொடரை இப்படிப் பிரிக்க ஐந்து நிமிடம் போதும். எழுவாய், பயனிலை, பெயரெச்சம், வினையெச்சம் என்று பாடநூலின் இலக்கணப் பகுதியான கற்கண்டில் நீங்கள் நடத்துவதற்கு இதைவிட நல்ல பயன்பாடு கிடைக்காது.

மூன்றாவது வகை, படிக்கும், புரியும், எழுத வராது. உங்கள் வகுப்பில் பெரும்பான்மை இவர்களாகத்தான் இருப்பார்கள். ஆண்டுத் திட்டத்தின் எழுத்துப் பகுதி முழுவதும் இவர்களை மனத்தில் வைத்தது.

ஒரு எழுத்துப் பயிற்சி மூன்று வாரத்தில் இப்படி நடக்கும். முதல் வாரம் எழுதவே வேண்டாம். அந்த வகை எழுத்துக்கு நல்ல மாதிரி ஒன்றை வகுப்பே சேர்ந்து படிக்கட்டும். பாடநூலின் உரைநடை உலகம் பகுதியிலேயே பல கிடைக்கும். எங்கே தொடங்குகிறார், எந்த விவரத்தை முதலில் சொல்கிறார், எங்கே பத்தி பிரிக்கிறார் என்று மட்டும் பாருங்கள். அந்த வார வாசிப்பு வேளையிலும் அதே வகைப் பகுதி இன்னொன்று இருக்கட்டும். படிப்பதும் எழுதுவதும் தனித்தனியே ஓடினால் இரண்டும் ஒன்றுக்கொன்று உதவாது. இரண்டாம் வாரம் எட்டு நிமிடம் பக்கத்துப் பிள்ளையிடம் வாயால் சொல்வது, 25 நிமிடம் எழுதுவது, மீதியில் இரண்டு பேர் படித்துக் காட்டுவது. மூன்றாம் வாரம் பத்து நிமிடம் பொதுவான ஒரு குறையைக் கரும்பலகையில் திருத்திக் காட்டுவது, 25 நிமிடம் மறுபடி எழுதுவது, கடைசி ஐந்து நிமிடம் நோட்டை மாற்றிப் படிப்பது.

கட்டுரை நோட்டில் இடப்பக்கம் முதல் படி, அதாவது முதலில் எழுதியது; வலப்பக்கம் இரண்டாம் படி, திருத்தி எழுதியது. இடப்பக்கத்தில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், திருத்த இடம் வேண்டும். நோட்டைத் திறந்தால் இரண்டும் அருகருகே தெரிய வேண்டும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் வளர்ச்சியைக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை.

முதல் படியில் பேச்சுவழக்கு வந்தால் தடுக்காதீர்கள். "எங்க தெருவுல அஞ்சு மணிக்கே பால்காரரு வந்துடுவாரு" என்று வரட்டும். விஷயம் வந்துவிட்டது. இரண்டாம் படியில் "எங்கள் தெருவில் ஐந்து மணிக்கே பால்காரர் வந்துவிடுவார்" என்று மாறும். முதல் வரியிலேயே எழுத்துவழக்குக் கேட்டால், "எங்கள் தெரு மிகவும் அழகான தெரு ஆகும்" என்ற கைடு வாக்கியம்தான் கிடைக்கும். அதில் தெருவும் இல்லை, காலையும் இல்லை.

எட்டுப் பயிற்சிகளை ஆண்டின் போக்கோடு சேர்த்துப் போடுங்கள். ஜூன் கடைசியில் ஒரு இடத்தை வருணிக்கும் பத்தி. ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் 10-க்குள் கடிதம்: ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு, தெருவிளக்கோ குடிநீர்க் குழாயோ எரியாத, வராத இடத்தைப் பெயர் சொல்லி, எத்தனை நாளாக, எத்தனை வீட்டுக்குச் சிரமம் என்று விவரத்தோடு ஊராட்சிக்கு விண்ணப்பம். நல்லதாக ஐந்தை உண்மையிலேயே கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். தவறினால் அக்டோபர் 2 சபை இருக்கிறது. ஒருவர் படிக்கப் போகிறார் என்று தெரிந்து எழுதும் கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் தானாகச் சரியாகும்; எதற்காக அந்தப் பகுதிகள் இருக்கின்றன என்பது பிள்ளைக்கு அப்போதுதான் புரிகிறது. ஆகஸ்ட் பின்பாதியில், காலாண்டுக்கு முன், சுருக்கி எழுதுதல்: 150 சொல்லை 50 ஆக்குவது. இரண்டாம் வகைப் பிள்ளைகளுக்கு இதுதான் உண்மையான சோதனை.

காலாண்டு விடுமுறையில் வீட்டுப் பாடமாக நேர்காணல்: பாட்டி, தச்சர், நாற்று நடுகிறவர், பேருந்து ஓட்டுநர் என்று யாரிடமாவது பத்துக் கேள்வி. அக்டோபர் நடுவில் அது எழுத்தாகட்டும். டெல்டாவில் அந்த நேரம் சம்பா நடவு. கேட்கவும் எழுதவும் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. நவம்பரில் தன் கருத்தைச் சொல்லும் கட்டுரை: இரண்டு காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு உதாரணம், எதிர்க்கருத்து ஒன்று. ஜனவரியில் செய்முறை விளக்கம், பொங்கல் பானை வைப்பதோ முறுக்குப் பிழிவதோ. அளவும் வரிசையும் தவறினால் படிப்பவருக்குச் செய்ய வராது என்பதால் துல்லியம் பழகும். பிப்ரவரியில் பாடல் நயம். மோனை, எதுகையை எடுத்து எழுதுவதோடு நிற்காமல், எந்தச் சொல் ஏன் பிடித்தது என்று மூன்று வரியாவது சொந்தமாக இருக்கட்டும். மார்ச்சில் குறிப்புகளைக் கொண்டு பொதுக்கட்டுரை, பத்தாம் வகுப்புத் தேர்வு முறையிலேயே, நேரம் வைத்து.

இந்தப் பட்டியலில் மழையாலோ, ஆசிரியர் பயிற்சியாலோ ஒன்று நிச்சயம் விட்டுப்போகும். போகட்டும். ஒரு பயிற்சியை முழுதாகக் கைவிடலாம். எடுத்துக்கொண்ட ஒன்றின் இரண்டாம் படியை மட்டும் விடாதீர்கள். நேரம் குறைந்தால் எல்லாப் பள்ளியிலும் முதலில் வெட்டப்படுவது அதுதான். எட்டுக் கட்டுரை ஒருமுறை எழுதிய பிள்ளையைவிட ஐந்து கட்டுரை இருமுறை எழுதிய பிள்ளை நன்றாக எழுதும்.

இனித் திருத்தம். 42 நோட்டு, ஒன்றுக்கு 4 நிமிடம், 168 நிமிடம். இரவு உட்கார்ந்தாலும் மாளாது. ஒவ்வொரு பயிற்சியிலும் 14 நோட்டை மட்டும் முழுமையாகப் பாருங்கள், 56 நிமிடம். மீதி 28 நோட்டுக்கு ஆளுக்கு ஒரு நிமிடம். அந்த முறை நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு குறையை மட்டும் தேடுங்கள். மொத்தம் 84 நிமிடம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அடுத்த பயிற்சியில் அடுத்த 14 பேர். இரண்டாம் படியைத் திருத்த வேண்டாம். சுட்டிய இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போதும்.

சரியான சொல்லை நீங்கள் சிவப்பு மையில் எழுதிக் கொடுக்காதீர்கள், பிள்ளை அதைப் பார்த்து எழுதிவிட்டு மறந்துவிடும். ஓரத்தில் குறியீடு மட்டும் போடுங்கள்: எழுத்துப்பிழைக்கு "எ", சந்திக்கு "ச", ஒருமை பன்மைக்கு "ஒ", பேச்சுவழக்குக்கு "பே", முடியாத தொடருக்கு "தொ". அந்த வரியில் எங்கே என்று பிள்ளை தேடட்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று குறிக்கு மேல் வேண்டாம். பக்கம் முழுதும் சிவந்திருந்தால் எதையும் படிக்காமல் நோட்டை மூடிவிடுவார்கள்.

எந்தக் குறையை எப்போது எடுப்பது? ஜூனில் தொடர் முடிவு. ஆகஸ்டில் ஒருமை பன்மை: "மாடுகள் மேய்ந்தது" (மேய்ந்தன), "ஒவ்வொரு மாணவர்களும்" (ஒவ்வொரு மாணவரும்). அக்டோபரிலிருந்து சந்தி. வல்லினம் மிகும் இடங்களை எல்லாம் ஒரே மூச்சில் நடத்தினால் பிள்ளைகள் எல்லா இடத்திலும் ஒற்றைப் போட்டுவிடுவார்கள். மூன்று இடம் போதும்: "ஐ" உருபுக்குப் பின் (புத்தகத்தைப் படித்தான்), "கு" உருபுக்குப் பின் (பள்ளிக்குப் போனாள்), அந்த-இந்த-எந்தவுக்குப் பின் (அந்தப் பையன்). ஒன்பதாம் வகுப்புக் கட்டுரைகளில் விடுபடும் ஒற்றில் பெரும்பகுதி இந்த மூன்றில் அடங்கிவிடும்.

வாசிப்பு வேளையில் ஒருவர் எழுந்து படிக்க மற்றவர் கவனிக்கும் முறையை விடுங்கள். 40 நிமிடத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. இரண்டிரண்டு பேராக 21 இணையாக்கி, ஆளுக்கு ஐந்து நிமிடம் மெல்லிய குரலில் படித்தால், பத்தே நிமிடத்தில் எல்லாரும் ஐந்து நிமிடம் படித்திருப்பார்கள். எழுத்துக் கூட்டும் பிள்ளையை வகுப்பின் முதல் மாணவியோடு சேர்க்காதீர்கள். நடுத்தரப் பிள்ளையோடு சேருங்கள், பொறுமை அங்கேதான் இருக்கும். பிறகு 15 நிமிடம் மௌன வாசிப்பு. மீதி நேரம் பேச்சு.

புத்தகங்கள் ஒரு அட்டைப்பெட்டியில் வகுப்பிலேயே இருக்கட்டும். பூட்டிய பீரோவுக்குப் போய் யாரும் கேட்க மாட்டார்கள். 42 பிள்ளைக்குக் குறைந்தது 60 புத்தகம், மெலிதானவை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நான்கு நிலைகளில் வெளியிட்ட நுழை, நட, ஓடு, பற வரிசை உங்கள் பள்ளிக்கு வந்திருந்தால் முதல் வகைப் பிள்ளைகளுக்கு "நுழை" மிகவும் பொருத்தம். ஆனால் பெட்டியில் நான்கையும் கலந்து போடுங்கள், நிலை பிரித்து அடுக்கினால் யார் எதை எடுக்கிறார் என்று வகுப்பே கவனிக்கும். அத்துறையின் மாணவர் இதழான தேன்சிட்டின் பழைய பிரதிகளும் சேரட்டும். படித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் சுருக்கம் எழுதிவா என்று சொல்லிவிடாதீர்கள். அன்றோடு வாசிப்பு நிற்கும். தேதி, புத்தகத்தின் பெயர், ஒரு வரி, அவ்வளவுதான்.

அரையாண்டு முடிந்து ஜனவரி முதல் வாரம் பள்ளி திறந்ததும், ஆறாவது பயிற்சிக்கு முன்பாக ஜூன் சோதனையை அப்படியே மறுபடி வையுங்கள். டிசம்பர் கடைசியில் நேரம் கிடைத்தால் அப்போதே. வாசிப்புக்கு மட்டும் அதே தரத்தில் வேறு பகுதி. பத்தியின் தலைப்பு அதேதான். பழைய தாளையும் புதியதையும் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். எழுத்துக் கூட்டியவர்களில் யாருக்கு எண்ணிக்கை அசையவே இல்லையோ அவர்களுக்கு வாரம் மூன்று நாளை ஐந்து நாளாக்குங்கள், கண் பார்வைச் சோதனைக்கும் அனுப்புங்கள். கரும்பலகை தெரியாமல் ஒன்பது வருடம் ஓட்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். மார்ச் முடிவில் இந்தத் தாள்களையும் கட்டுரை நோட்டையும் பழைய பேப்பர்காரரிடம் போட விடாமல், பெயர்வாரியாகக் கட்டி அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு எடுக்கிறவரிடம் ஒப்படையுங்கள். அவர் ஜூனில் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.